சீன மாணவர்களுக்கு ‘ஹார்ம்’, ‘டேமேஜ்’, ‘இஞ்சுரி’ வேறுபாட்டைப் புரியவைப்பது எப்படி?

ஆன்லைனில் சீன மாணவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படிக்கும் என் மாணவர்களுக்கு ஹார்ம், டேமேஜ், இஞ்சுரி, இம்பேர், டெட்ரிமென்டல் எல்லாவற்றுக்கும் பொருள் தெரியும். ஆனால் எழுதும்போது ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுவிடுகிறார்கள். விபத்தில் இரண்டு பேர் ‘டேமேஜ்’ ஆனதாக ஒரு கட்டுரையில் வந்தது. இதை எப்படி விளக்குவது? இந்தப் பெரிய சொற்களை எழுதச் சொல்லலாமா, எளிய சொற்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாமா?”

சீன ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. இந்தச் சொற்கள் வராத கட்டுரையே கிடையாது. மருத்துவம் என்றால் உறுப்புக் கேடு, சுற்றுச்சூழல் என்றால் மண் கேடு, சட்டம் என்றால் நஷ்டஈடு. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளைத் திரும்பத் திரும்ப விளக்கிப் பயனில்லை, அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவர்கள் பார்க்கத் தவறுவது வேறொன்றை: கேடு எதற்கு வந்தது? உடம்புக்கா, பொருளுக்கா, பார்வை, செவி போன்ற திறனுக்கா, நம்பிக்கைக்கா, நலனுக்கா? ஆங்கிலம் முதலில் கேட்பது இதைத்தான். இதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாதிச் சொற்கள் தானாகக் கழன்றுவிடும்.

சீனத்தில் இந்தச் சொற்கள் எப்படி உருவாகின்றன என்று பார்த்தால் குழப்பத்தின் வேர் தெரியும். அடிப்படை நான்கு எழுத்துகள். ‘ஷாங்’ என்றால் காயம். ‘ஹாய்’ என்றால் கேடு. ‘சுன்’ என்றால் குறைவது, இழப்பது. ‘ஹுவாய்’ என்றால் கெட்டுப்போவது, பழுதாவது. இவற்றைத் தங்களுக்குள்ளும் வேறு எழுத்துகளோடும் சேர்த்து ஷாங்ஹாய், சுன்ஹாய், சுன்ஹுவாய், போஹுவாய், வெய்ஹாய், சுன்ஷி என்று ஒரு குடும்பமே உண்டு. (ஷாங்ஹாய் என்ற நகரத்தின் பெயர் வேறு எழுத்து, வேறு தொனி. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.) மாணவர்கள் மனப்பாடம் செய்யும் சொற்பட்டியலில் இந்தச் சொற்கள் பலவற்றுக்கும் எதிரே அதே ஆங்கிலச் சொற்கள்தான் வரிசை மாறி அச்சாகியிருக்கும்: ஹார்ம், டேமேஜ், இஞ்சர். அப்படியென்றால் மூன்றும் ஒன்றுதானே என்று அவர்கள் முடிவுகட்டுவதில் வியப்பில்லை.

ஆனால் உங்களுக்கு உதவும் ஒரு விஷயம் இங்கேயே இருக்கிறது. சீனர்களும் தங்கள் மொழியில் கேடு வந்த இடத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றுகிறார்கள். மேசை உடைந்தால், இயந்திரம் பழுதானால் சுன்ஹுவாய். உடல்நலம், நற்பெயர், நலன் கெட்டால் சுன்ஹாய். இந்த இரண்டையும் பிரித்தறிவது அவர்கள் பள்ளியில் சீன மொழிப் பாடத்தில் செய்து பழகிய பயிற்சி. வகுப்பில் முதலில் இதைக் கேளுங்கள்: ‘நிறுவனத்தின் பெயர் சுன்ஹுவாய் ஆனது என்று எழுதுவீர்களா?’ எழுத மாட்டோம் என்று உடனே பதில் வரும். ஏன் என்று கேளுங்கள். பெயர் என்ன பொருளா என்பார்கள். அதே உணர்வோடு ஆங்கிலத்துக்கு வரச் சொல்லுங்கள். ஆங்கிலம் கோடு போடும் இடம் வேறு, அவ்வளவுதான். நற்பெயருக்கும் மேசைக்கும் ஆங்கிலத்தில் ஒரே டேமேஜ் போதும். மனிதனுக்கு மட்டும் அது ஆகாது.

இந்தக் கோட்டை நன்றாகக் காட்டுவது சட்டம். இங்கிலாந்தில் ஒருவரை அடித்துக் காயப்படுத்துவதற்கான சட்டம் 1861-இல் வந்தது. அதில் வருவது ‘பாடிலி ஹார்ம்’. அடுத்தவர் சொத்தை உடைப்பதற்கான சட்டம் 1971-இல் வந்தது, அதன் பெயர் ‘கிரிமினல் டேமேஜ் ஆக்ட்’. உடம்புக்கு ஹார்ம், சொத்துக்கு டேமேஜ். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் உடம்புக்கு ‘ஹர்ட்’ என்று வைத்தது. சிங்கப்பூர் அந்தச் சட்டத்தை அடியொற்றியதால் அங்கே அடிதடி வழக்குச் செய்திகளில் இன்றும் ‘வாலன்டரிலி காஸிங் ஹர்ட்’ என்றுதான் வரும். மாணவர்களில் யாராவது சிங்கப்பூரில் இருந்தால் அவர்கள் கண்ணில் நிச்சயம் பட்டிருக்கும். ஒன்றை மட்டும் எச்சரித்து வையுங்கள்: சட்டத்தில் ‘இஞ்சுரி’ பரந்த சொல். இந்திய தண்டனைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு உடல், மனம், பெயர், சொத்து நான்கையும் அதற்குள் அடக்கியது. செய்தியிலும் கட்டுரையிலும் இஞ்சுரி என்றால் உடற்காயம்தான்.

உடம்பு என்றதும் இன்னொரு சிக்கல். ‘ஷாங்’ என்ற ஒரே எழுத்து போர்க்களத்தில் குண்டு பட்டவனுக்கும் படிக்கட்டில் வழுக்கி விழுந்தவருக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் ஆயுதத்தால் வந்தது ‘வூண்ட்’, விபத்தில் வந்தது ‘இஞ்சுரி’. கார் விபத்தில் ஐந்து பேர் வூண்டட் என்று எழுதினால் காருக்குள் யாரோ துப்பாக்கியால் சுட்டதுபோல் இருக்கும். உடம்பிலும் டேமேஜ் வரும் இடம் உண்டு: உறுப்பின் பெயரோடு சேர்ந்தால். பிரெயின் டேமேஜ், லிவர் டேமேஜ், நெர்வ் டேமேஜ் எல்லாம் சரியான வழக்கு. ஆளைச் சொல்லும்போது இஞ்சுரி, உறுப்பைத் தனியே எடுத்துச் சொல்லும்போது டேமேஜும் வரலாம் என்று சொன்னால் பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்தக் குடும்பத்திலேயே அதிகம் படுத்துவது போஹுவாய். நேரம் குறைவாக இருந்தால் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒரு வகுப்பை ஒதுக்குங்கள். ‘போ’ என்றால் உடைவது, கிழிவது. ‘ஹுவாய்’ கெடுவது. பட்டியலில் இதற்கு முதலில் நிற்பது ‘டெஸ்ட்ராய்’. அதனால் சுற்றுச்சூழல், உறவு, ஒழுங்கு, ஒற்றுமை என்று எது கெட்டாலும் டெஸ்ட்ராய் வந்து விழுகிறது. ஆங்கிலத்தில் டெஸ்ட்ராய் என்றால் மிச்சம் இல்லாமல் அழிப்பது. சீனத்தில் போஹுவாய்க்கு அந்த முழுமை கட்டாயமில்லை, கொஞ்சம் கெட்டாலும் போஹுவாய்தான். மாணவர் நினைப்பது ‘ஆலை ஆற்றைக் கெடுத்தது’, வாசகருக்குக் கிடைப்பது ‘ஆலை ஆற்றை இல்லாமலே ஆக்கியது’.

நான் செய்யச் சொல்வது இது. போஹுவாய்க்குப் பின்னால் சீனத்தில் எந்தெந்தப் பெயர்ச்சொல் வரும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எதிரே ஆங்கில வினையை எழுதுங்கள். சுற்றுச்சூழல் என்றால் டேமேஜ், அல்லது மெல்ல மெல்லத் தரம் குறைவதானால் டீகிரேட். பொது ஒழுங்கு என்றால் டிஸ்ரப்ட். ஒற்றுமை என்றால் அண்டர்மைன். விதி என்றால் வயலேட். விருந்தின் கலகலப்பு என்றால் ஸ்பாயில். எதிரி வேண்டுமென்றே இயந்திரத்தைப் பழுதாக்கினால் சபோட்டாஜ். குண்டு விழுந்து தரைமட்டமான கட்டடம் என்றால் மட்டும் டெஸ்ட்ராய். ஒரே சீனச் சொல் எதிரே ஏழெட்டாகப் பிரிவதைப் பலகையில் பார்த்த பிறகு, சொல்லை மட்டும் தனியாகத் தேடும் பழக்கம் குறைகிறது.

இந்தப் பட்டியலில் அண்டர்மைனை அவர்களுக்குப் புரியவைப்பது சுலபம். கோட்டைச் சுவரின் அடியில் குழிபறித்துச் சாய்ப்பதிலிருந்து வந்த சொல் அது. சீனத்தில் ‘வா சியாங்ஜியாவ்’ என்று வழக்கு உண்டு, சுவரின் அடியைத் தோண்டுவது என்று பொருள். அடுத்த நிறுவனத்து ஆட்களை இழுத்துக்கொள்வதற்கும் இதைச் சொல்வார்கள். அதிகாரம், நம்பிக்கை, தன்னம்பிக்கை, முயற்சி என்று அடித்தளத்தில் நிற்கும் எதையும் அண்டர்மைன் செய்யலாம், கட்டுரையில் நுரையீரலைச் செய்ய முடியாது.

அடுத்தது வெய்ஹாய். ‘வெய்’ ஆபத்து, ‘ஹாய்’ கேடு. வரப்போகும் ஆபத்தும் வந்துவிட்ட கேடும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆங்கிலத்தில் இவை வேறு வேறு. எண்டேஞ்சர், ஜெபர்டைஸ், த்ரெட்டன் மூன்றும் இன்னும் நடக்காததைச் சொல்பவை. ஹார்ம், டேமேஜ் என்றால் நடந்துவிட்டது, அல்லது நடந்துகொண்டிருக்கிறது. தேசப் பாதுகாப்பு பற்றிய சீனச் சட்டங்களில் வரும் வெய்ஹாயை ஆங்கிலத்தில் எண்டேஞ்சரிங் என்றே பெயர்க்கிறார்கள். மாணவர்களோ உடல்நலக் கட்டுரையில் ‘இந்த மருந்து ஏற்கெனவே பலருடைய கல்லீரலை ஜெபர்டைஸ் செய்துவிட்டது’ என்று எழுதுவார்கள். கல்லீரல் கெட்டுவிட்டதா, கெடக்கூடுமா? இதைக் கேட்டால் போதும், அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

‘யிங்ஷியாங்’ என்ற சொல்லையும் விட்டுவிட வேண்டாம். பொதுவில் அதற்குத் தாக்கம் என்று பொருள், நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். ஆனால் பேச்சில் ‘படிப்பை யிங்ஷியாங் செய்கிறது’, ‘தூக்கத்தை யிங்ஷியாங் செய்கிறது’ என்றால் கெடுக்கிறது என்றே கொள்வார்கள். நம் ‘பாதிப்பு’ இன்று வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கம். அதை இன்ஃப்ளூயன்ஸ் என்று அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் கெடுதல் என்ற குறிப்பு வாசகருக்குப் போய்ச் சேராது. ‘இன்டர்ஃபியர் வித்’ அல்லது ‘அட்வெர்ஸ்லி அஃபெக்ட்’ என்று எழுதச் சொல்லுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டாவதை நான் அடிக்கடி சேர்க்க வேண்டியிருக்கிறது.

இலக்கணத்தில் ஒரு தவறு அடிக்கடி வரும். ‘அஹுவா’ என்றால் மோசமாவது, மோசமாக்குவது, இரண்டும். ஆங்கிலத்தில் அதற்கு நேராக நிற்கும் டெட்டீரியரேட் பெரும்பாலும் தானாக நடப்பது. நிலைமை டெட்டீரியரேட் ஆகும், புகை காற்றின் தரத்தை டெட்டீரியரேட் செய்யாது. யாரோ ஒருவர் மோசமாக்கினால் வொர்சன், அக்ரவேட், எக்ஸாசர்பேட். அதிலும் எக்ஸாசர்பேட் ஏற்கெனவே கெட்டிருப்பதை இன்னும் கெடுப்பது. நன்றாக இருந்த ஒன்றை எக்ஸாசர்பேட் செய்ய வழியில்லை. வறுமையை, தட்டுப்பாட்டை, நோயைச் செய்யலாம்.

துணைவினைகளிலும் சீனம் எட்டிப் பார்க்கும். கேட்டை ‘கொண்டுவருவது’, ‘வாங்குவது’ என்று சொல்வது அங்கே வழக்கம். அதிலிருந்து பிரிங் டேமேஜ், மேக் டேமேஜ், ரிசீவ் டேமேஜ் எல்லாம் வரும். செய்பவர் பக்கம் நின்றால் காஸ், டூ, கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் இன்ஃப்ளிக்ட். படுபவர் பக்கம் நின்றால் சஃபர், முறையான நடையில் சஸ்டெய்ன். ‘மூவர் இஞ்சுரி சஸ்டெய்ன் செய்தனர்’ என்ற அமைப்பு காவல்துறை அறிக்கை நடை. சீன சிகரெட் பெட்டிகளில் ‘ஷியான் யோஹாய் ஜியன்காங்’ என்று அச்சிட்டிருப்பார்கள், புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு என்று பொருள். அந்த வாக்கியத்தில் ‘உடல்நலத்துக்கு’ என்பதில் வரும் ‘க்கு’ உருபுக்கு நிகரான எதுவும் இல்லை, கேடும் உடல்நலமும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் கேடானது என்று பொருள்படும் ஹார்ம்ஃபுல், டெட்ரிமென்டல் இரண்டுக்கும் பின்னால் ‘டு’ வர வேண்டும். ‘எஃபெக்ட்’ சேர்ந்தால் ‘ஆன்’ ஆகிவிடும். இதற்குக் காரணம் தேட வேண்டாம், மனப்பாடம்தான்.

ஒருமை பன்மை சின்ன விஷயமாகத் தெரியும், சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் அதுதான் பெரிது. சீனப் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை வடிவம் இல்லாததால் டேமேஜ், டேமேஜஸ் இரண்டும் அவர்களுக்கு ஒன்றுபோலவே தோன்றும். டேமேஜ் என்றால் சேதம், அதை எண்ண முடியாது. டேமேஜஸ் என்றால் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் நஷ்டஈட்டுப் பணம். வெள்ளத்தில் கிடங்குக்கு வந்த சேதத்தை டேமேஜஸ் என்று கடிதத்தில் எழுதினால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் பணம் கேட்கிறார்கள் என்று படிக்கக்கூடும். 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சீன சிவில் சட்டத் தொகுப்பின் 1183-ஆவது பிரிவு மன உளைச்சலுக்கான இழப்பீட்டைப் பற்றியது. அதில் வரும் ‘ஜிங்ஷென்’ என்ற சொல்லுக்கு மனம் என்றும் பொருள், ஆன்மா என்றும் பொருள். அதை மாணவர்கள் ‘ஸ்பிரிச்சுவல் டேமேஜ்’ என்று பெயர்ப்பதை அடிக்கடி காண்கிறேன். ஆங்கில வாசகருக்கு அது சமயம் சார்ந்த ஏதோ ஒன்றாகப் படும். ‘எமோஷனல் டிஸ்ட்ரெஸ்’ அல்லது ‘மென்டல் டிஸ்ட்ரெஸ்’ என்று எழுதுவதே சரி.

இழப்பையும் சேதத்தையும் பிரித்துக் காட்ட நல்ல எடுத்துக்காட்டு பருவநிலைப் பேச்சுவார்த்தை. ‘லாஸ் அண்ட் டேமேஜ்’ என்ற தொடருக்கென்று 2013-இல் வார்சாவில் ஓர் அமைப்பு முறையை உருவாக்கினார்கள், 2022-இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நிதியம் அமைக்க முடிவெடுத்தார்கள். திரும்பி வராதது லாஸ்: போன உயிர், கடலுக்குள் போன தீவு. சரிசெய்யக்கூடியது டேமேஜ்: பெயர்ந்த சாலை, இடிந்த பாலம். சீனத்திலும் சுன்ஷி, சுன்ஹாய் என்று இரண்டையும் பிரித்தே பெயர்க்கிறார்கள், ஆக மாணவர்களுக்கு இது சிரமமில்லை. சிரமம் நமக்குத்தான் வரலாம். தமிழில் உயிர்ச்சேதம் என்கிறோம், அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் டேமேஜ் என்று வாய் தவறக்கூடாது. உயிருக்கு லாஸ்தான்.

ஹர்ட் பற்றி ஒரு வார்த்தை. சீன அரசின் கண்டன அறிக்கைகளில் ‘சீன மக்களின் உணர்வுகளைப் புண்படுத்திவிட்டது’ என்ற தொடர் பிரபலம். அதன் அதிகாரபூர்வ ஆங்கிலத்தில் ‘ஹர்ட் த ஃபீலிங்ஸ்’ என்று வரும். சீனத்தில் அது கனமான, முறையான தொடர். ஆங்கிலத்தில் ஹர்ட் ஃபீலிங்ஸ் இரண்டு நண்பர்களுக்குள், ஒரு குடும்பத்துக்குள் வரும் பேச்சு. கனம் அங்கேயே இறங்கிவிடுகிறது. முறையான நடையில் மனம் புண்படுவதற்கு ‘காஸ் அஃபென்ஸ்’ போன்றவை உண்டு என்று சொல்லிவையுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பெரிய சொற்களை எழுதச் சொல்லலாம். ஆனால் சொல்லாக இல்லாமல் ஜோடியாகக் கற்றுக்கொடுங்கள். இம்பேர் என்று தனியாக எழுதிவைக்க வேண்டாம். இம்பேர் விஷன், இம்பேர் ஜட்ஜ்மென்ட், இம்பேர் மெமரி என்று எழுதிவைக்கட்டும். பெரும்பாலும் திறன் குறைவதற்குத்தான் அந்தச் சொல் என்று அந்த மூன்றிலேயே தெரிந்துவிடும். காம்ப்ரமைஸ் என்றால் சமரசம் என்று மட்டும்தான் பலருக்கும் தெரியும். காம்ப்ரமைஸ் சேஃப்டி, காம்ப்ரமைஸ் செக்யூரிட்டி என்று காட்டினால், பாதுகாப்பைப் பலவீனமாக்குவது என்ற இரண்டாவது பொருள் மனதில் நிற்கும். இரோட் என்றால் இரோட் டிரஸ்ட், நம்பிக்கையை மெல்ல அரிப்பது.

வகுப்பில் ஒரு பத்தியை எடுத்துத் திருத்திக் காட்டுங்கள். இந்த மாதிரி ஒன்று வரும் என்று வைத்துக்கொள்வோம்: ‘கைப்பேசி குழந்தைகளின் கண்ணை டெஸ்ட்ராய் செய்கிறது, படிப்பை இன்ஃப்ளூயன்ஸ் செய்கிறது, பெற்றோருடனான உறவை இஞ்சர் செய்கிறது.’ இலக்கணம் சரி, சொற்களும் தெரிந்த சொற்கள். கண் என்பது இங்கே பார்வைத் திறன், ஆகவே இம்பேர், பக்கத்தில் ‘ஐஸ்’ போய் ‘ஐசைட்’ வரும். படிப்புக்கு இன்டர்ஃபியர் வித். உறவுக்கு டேமேஜ், அல்லது இழுபறி நிலைதான் என்றால் ஸ்ட்ரெய்ன். மூன்று வினையை மாற்றியதும் வாக்கியமே வேறு ஆளுடையதாகிவிடும். இதில் டெட்ரிமென்டலுக்கு இடமே வரவில்லை என்பதையும் காட்டுங்கள். ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் மதிப்பெண் நான்கு அளவுகோல்களில் சமமாகப் பிரிகிறது, சொல்வளம் அதில் ஒன்று. அந்த அளவுகோலின் மேல்படிகள் அரிய சொற்களோடு அவற்றின் சேர்க்கையையும் பார்க்கின்றன. ‘பேட்’ இருந்த இடத்திலெல்லாம் டெட்ரிமென்டலைப் பொருத்திய கட்டுரை சொற்சேர்க்கை என்ற அந்த இரண்டாவது பாதியில் மாட்டிக்கொள்ளும்.

‘டூ ஹார்ம் டு’ என்ற தொடரைச் சீனப் பள்ளிகளில் நிறையப் பழக்கியிருப்பார்கள். அது தவறில்லை. ஆனால் ஒரே பக்கத்தில் நான்கு முறை வந்தால் பள்ளிக் கட்டுரை வாடை அடிக்கும். ஒரு முறை விட்டுவைத்து, மற்ற இடங்களில் ஹார்ம் என்ற வினையை நேராகப் போடச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் இருமொழிப் பட்டியலுக்குப் போகாமல், சொற்சேர்க்கை அகராதியில் பெயர்ச்சொல்லைத் தேடச் சொல்லுங்கள். இம்பேரைத் தேட வேண்டாம். விஷன் என்று தேடி அதோடு எந்த வினைகள் வருகின்றன என்று பார்க்கட்டும்.